மாடிப்படி விளக்கு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ போனை எடுக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மணி முழுசா அடிச்சு ஓயுது, அப்புறம் அந்தப் பொம்பளைக் குரல் வந்து நீ பதில் சொல்லலைன்னு எனக்கே சொல்லுது. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும். அதான் காகிதத்தை எடுத்துட்டேன். கிழிச்சுப் போடறதா இருந்தாலும் ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் கிழிப்பே, உன் சுபாவம் எனக்குத் தெரியாதா.

ஆமா, உன் ஆபீசுக்குப் போன் பண்ணினது நான்தான். "என் தம்பியை இனிமே தெருவிளக்கு ரிப்பேருக்குக் கூண்டு வண்டியில ஏத்தாதீங்க, இன்னொரு தடவை குளவி கொட்டினா உயிரோட இறங்க மாட்டான்"னு உங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னதும் நான்தான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே, நான் அப்பவும் பண்ணியிருப்பேன். அதனால கேட்காதது ஒரு விதத்துல மிச்சம்.

நீ கோபப்படு, தாராளமா. ஆனா நான் எதைப் பார்த்துட்டு வந்தேன்னு உனக்குத் தெரியாது. தெருவிளக்கு மூடிக்குள்ள கூடு கட்டியிருந்த குளவி உன்னைக் கொட்டி, கூண்டுலயே நீ சரிஞ்சு, கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு சேதி வந்தப்போ நான் பஸ் ஏறினேன். வார்டுக்குள்ள நுழைஞ்சு நேரா ஒரு கட்டிலுக்குப் போய் நின்னு அழுதேன். உன் வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடிச்சு, "அண்ணி, அது வேற யாரோ, அவர் இந்தப் பக்கம்"னு கூட்டிட்டுப் போனா. கண்ணும் உதடும் வீங்கிப் போய்க் கிடந்த உன்னைக் காட்டினப்பவும் எனக்கு நம்பிக்கை வரலை. கூடப் பிறந்தவனை அடையாளம் தெரியாம நின்ன அந்த நிமிஷம் என்னை விட்டுப் போகவே இல்லை. நாலு பேர் சிரிப்பாங்கன்னு நீ கவலைப்படறே. எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருது.

குளவி கொட்டினா உடனே தொடையில குத்திக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த பேனா ஊசி எங்கே இருக்கு? எப்பவும் உன்கூட இருக்கணும், வீட்டுல பத்திரமா இல்லை. அப்புறம் நீ ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கறேன்னு உன் வீட்டுக்காரி சொன்னா. எதனாலன்னு கேட்டா எரிஞ்சு விழறியாம். என்னடா அது? எனக்காவது சொல்லு.

அக்கா

---

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கிழிக்கலை. பிரிச்சேன். நீ ஜெயிச்சுட்டே, போதுமா.

உன் புண்ணியத்துல நான் இப்போ ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்திருக்கேன். "வாங்க அக்கா தம்பி, டீ சாப்பிட்டீங்களா அக்கா தம்பி"ன்னு ஆளாளுக்குக் கொஞ்சறாங்க. என் கூண்டு வண்டியை ஓட்டற குண்டு மட்டும்தான் கேலி பண்ணலை. ஆள் ஒல்லிக்குச்சி, எவன் வச்ச பேரோ. என்னை மேலே ஏத்தி இறக்கற நெம்புகோல் இத்தனை வருஷமா அவன் கையிலதான் இருந்துச்சு. இப்போ புதுப் பையன் ஒருத்தனை ஏத்தறான், அவன் மேலே போனதும் கண்ணை மூடிக்கறானாம்.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். இன்னொரு தடவை என் ஆபீசுக்குப் போன் பண்ணினே, நீ எனக்கு அக்கா இல்லை, நான் உனக்குத் தம்பி இல்லை. இது கோபத்துல எழுதினது இல்லை, நல்லா யோசிச்சு எழுதினது.

இப்போ நீ கேட்டதுக்கு வரேன். யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா என் வீட்டுக்காரிகிட்ட.

ஸ்டோர் ரூம்ல என் வேலை என்னன்னா, விளக்குலேர்ந்து கழட்டிட்டு வந்த சோக்கையெல்லாம் மேஜையில மாட்டி மின்சாரம் கொடுத்துப் பார்க்கறது. சோக்குன்னா விளக்குக்குப் போற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தற, செங்கல் கனத்துல ஒரு இரும்புக் கட்டி. பழசாயிட்டா குளவி மாதிரியே ஙொய்ய்னு சத்தம் போடும். முதல் நாள் ஒண்ணை மாட்டினேன். அந்தச் சத்தம் வந்துச்சு. கழுத்துல சுருக்குன்னுச்சு. பார்த்தா கை, நெஞ்சு, வயிறு எல்லாம் தடிப்பு. சட்டையைக் கழட்டித் தேடறேன், உதறறேன், ஒரு குளவியும் இல்லை. சுவிட்சை அணைச்சு உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. மறுநாளும் அதே கதை. குளவி இல்லாமலே கொட்டுதுக்கா.

நீ அடிச்ச போன் எல்லாம் சட்டைப் பையில அதிர்ந்துச்சு பாரு, அதுவும் அதே சத்தம்தான். அதனாலதான் எடுக்கலை. கோபமும்தான், ஆனா முதல்ல இதுதான். இப்போ போனை அணைச்சு மேஜை டிராயர்ல போட்டு வச்சிருக்கேன். வேணும்னா எழுது.

எனக்கு பயமா இருக்கு. செத்துப் போயிடுவேன்னு இல்லை, அது ஒரு தடவை போய் எட்டிப் பார்த்தாச்சு. புத்தி பிசகிடுச்சோன்னு பயம். நீதான் எலியை வெட்டிப் பார்க்கறவளாச்சே, சொல்லு. இல்லாத குளவி எப்படிக் கொட்டும்?

தம்பி

---

பிப்ரவரி 25

தம்பிக்கு,

உனக்குப் புத்தி பிசகலை. இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கோ, அப்புறம் மேலே படி.

எங்க லேப்ல நான் பண்ற வேலையே இதுதான். எலித்தோலைக் காகிதத்தைவிட மெல்லிசாச் சீவி, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல பார்ப்பேன். அந்தத் தோலுக்குள்ள மாஸ்ட் செல்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கும், வயிறு முட்ட ஊதாப் பொடியை அடைச்சு வச்ச மாதிரி. அலர்ஜி வரும்போது அது அந்தப் பொடியைக் கொட்டிடும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், மூச்சடைப்பு எல்லாம் அந்தப் பொடி பண்ற அக்கிரமம்தான். உன்னை மாதிரி ஆளுக்கு குளவி விஷம் ஒரு துளி பட்டாப் போதும், உடம்பு முழுக்க இருக்கறது ஒண்ணுசேர்ந்து கொட்டும்.

இதுல ஒரு விஷயம் பாரு. இந்த செல் நரம்பு நுனிக்குப் பக்கத்துலயே போய் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த தோல்ல பாதிக்கு மேல அப்படித்தான், உரசிக்கிட்டு. பயம் வந்தா நரம்பு நுனியிலேர்ந்து சில சரக்கு கசியும். அது பட்டாலும் இந்த செல் பொடியைக் கொட்டும். அங்கே விஷமே இருக்க வேண்டியதில்லை.

உன் பாஷையிலயே சொல்றேன். எங்க குடியிருப்புல மாடிப்படிக்கு ஒரு விளக்கு, கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் அதே விளக்குதான் எரியும். உனக்கு விஷம் கீழ் சுவிட்ச், நரம்பு மேல் சுவிட்ச். சோக்கு சத்தம் மேலே இருக்கறதைத் தட்டுது. விளக்கு நிஜமாத்தான் எரியுது, நீ கற்பனை பண்ணிக்கலை.

எங்க டாக்டரம்மா, அதான் லேப் தலைவி, ஒரு விசிறியை ஓடவிட்டு எலிக்கு ஒவ்வாத மருந்தை ஊசியில ஏத்துவாங்க. சில தடவை இப்படிப் பண்ணினதும், வெறும் விசிறியை ஓடவிட்டாலே எலிக்குத் தோல் வீங்கும். அந்த எலியை யாரும் பைத்தியம்னு சொல்றதில்லை. உன்னை மட்டும் ஏன் சொல்லணும்?

இதுக்கு நேர் எதிராவும் ஒண்ணு பண்றோம். எலிக்கு அரிப்பை அடக்கற அலர்ஜி மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் கூடவே அது இதுவரைக்கும் குடிச்சே இராத ருசியில ஒரு தண்ணியைக் கொடுப்போம். கொஞ்ச நாள் கழிச்சு மருந்து இல்லாம அந்தத் தண்ணியை மட்டும் கொடுத்தாலும் சொறியறது குறையுது. உடம்பு ருசியை மருந்துன்னு கத்துக்குது. மனுஷங்களுக்கும் இது ஓரளவு நடக்குதுன்னு சொல்றாங்க. உன் அலர்ஜி மாத்திரையைப் போடறப்போ ஏதாவது புது ருசியில ஒண்ணு குடிச்சுப் பாரேன், கெடுதல் இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. உன் டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோ, நான் டாக்டர் இல்லை.

ஆபீசுக்குப் போன் பண்ண மாட்டேன். நீ எழுதினதைப் படிச்சேன்.

அக்கா

---

மார்ச் 16

அக்கா,

உன் கடுதாசியை மடிச்சு மணிபர்ஸ்ல வச்சிருக்கேன். சோக்கு ஙொய்ங்கறப்போ "உனக்குப் புத்தி பிசகலை"ங்கற வரியை எடுத்துப் பார்ப்பேன். குண்டு பார்த்துட்டு, காதல் கடுதாசியான்னு கேட்டான். எங்க அக்கா எழுதினதுடான்னேன், பரிதாபமாப் பார்த்தான்.

ருசித் தண்ணி தயார் பண்ணிட்டேன். புதினா சிரப், கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு, எலுமிச்சைத் தோலை அரைச்ச கசப்பு. பச்சைப் பசேல்னு இருக்கும். இந்தக் கர்மத்தை உலகத்துல எவனும் குடிச்சிருக்க மாட்டான், அது நிச்சயம். மாத்திரை போடறப்போ ஒரு மடக்கு. என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிடுவா. டாக்டர்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு, வயிறு கெடாம இருந்தா சரின்னார்.

போன வாரம் மாத்திரை இல்லாம வெறும் கர்மத்தை மட்டும் குடிச்சுட்டு சோக்கை மாட்டினேன். திட்டாதே. ஸ்டோர் ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு, சட்டையைக் கழட்டி, கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் வந்துச்சு. நெஞ்சு திக்குதிக்குன்னுச்சு. தோல்ல ஒண்ணும் இல்லைக்கா. ஒரு புள்ளி இல்லை. அப்புறம் தினமும் பண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் தடிப்பு கிளம்பினதுக்கு அப்புறம் குடிச்சேன், அதுவும் அமுங்கிடுச்சு. அழுதுட்டேன். கதவு தாழ் போட்டிருந்தது நல்லதாப் போச்சு.

நீ சொன்ன மாடிப்படி விளக்கு இருக்கு பாரு, அது அப்படியே மனசுல பதிஞ்சுபோச்சு. இத்தனை நாள் எந்த டாக்டர் சொன்னதும் எனக்கு இப்படிப் புரியலை. அந்த வயரிங் நான் எத்தனை வீட்டுக்குப் பண்ணியிருக்கேன். கீழே போட்டதை மேலே அணைச்சுக்கலாம். அதுதானே அதோட அழகே.

சூப்பர்வைசர்கிட்ட கூண்டைக் கேட்டிருக்கேன். புதுப் பையன் வேலையை விட்டுட்டான். பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்.

தம்பி

---

மார்ச் 24

தம்பிக்கு,

நீ அழுதேன்னு எழுதினதைப் படிச்சுட்டு நானும் லேப் கழிப்பறையில போய் அழுதேன். நான் வெளியே வந்ததும் டாக்டரம்மா கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு கேட்டாங்க. எலி முடி ஒத்துக்கலைன்னு சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க, எங்க இடத்துல அது நல்ல சாக்கு.

மாத்திரை இல்லாமக் குடிச்சதுக்குத் திட்டறேன். திட்டிட்டேன். இனிமே அப்படிப் பண்ணாதே. எலிக்கே அந்தப் பழக்கம் கொஞ்ச நாள்தான் நிக்குது, மருந்தோட சேர்த்துக் கொடுக்காட்டி மறந்துடுது. விளக்கு உவமை உனக்குப் பிடிச்சதுல சந்தோஷம். இங்கே யார்கிட்ட சொன்னாலும் கொட்டாவி விடறாங்க, நீயாவது ரசிச்சியே.

ஆனா கூண்டு ஏன்டா? தரையில ஒரு வேலை கேளு. நீ பட்டது பத்தாதா? ஸ்டோர் ரூம்ல இருக்கறது வெறும் சத்தம், மேலே இருக்கறது குளவி. ரெண்டும் ஒண்ணு இல்லை. எனக்கு இப்பல்லாம் லேப் குளிர்ப்பெட்டி சத்தம் கேட்டாலே உன் ஞாபகம்தான், எழுந்து வெளியே போயிடறேன். இந்த பயத்துக்கு எந்த ருசித் தண்ணியைக் குடிக்கறதுன்னு தெரியலை.

பேனா ஊசியைப் பத்தி முதல் கடுதாசியிலேயே கேட்டேன், நீ ரெண்டு தடவையும் பதில் சொல்லாம நழுவிட்டே. எங்கே இருக்கு அது?

அக்கா

---

ஏப்ரல் 2

அக்கா,

கிடைச்சுடுச்சு. வர்ற திங்கட்கிழமை நானும் குண்டும் பழையபடி கூண்டு வண்டியில போறோம். "ஏறு ராசா"ன்னு நெம்புகோலைத் துணியால துடைச்சு வச்சிருக்கான் பாவி.

வீட்டுல ரகளை. மேலே ஏறினா நான் இங்கே இருக்க மாட்டேன்னு சொல்லிட்டு என் வீட்டுக்காரி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு நாள்ல வந்துடுவா, எப்பவும் அப்படித்தான். நீயும் அவளும் சேர்ந்து என்னைப் பஞ்சுல சுத்தி அலமாரியில வைக்கப் பார்க்கறீங்க. நான் கம்பத்துல ஏறி வளர்ந்தவன்கா. கீழேயிருந்து ஊரைப் பார்த்தா எனக்கு ஊராவே தெரியலை.

பேனா ஊசி. சரி, சொல்லிடறேன். அதைப் பார்த்தாலே எனக்குத் தடிப்பு வருது. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ நர்ஸம்மா கையில முதல்ல பார்த்தது அதைத்தான். அதைப் பையில வச்சுக்கிட்டு நடந்தா நடக்கற வழியெல்லாம் சொறியறேன். குளவியைக் கொண்டு போற மாதிரி இருக்கு. அதனால அலமாரியில துணிக்கு அடியில வச்சுட்டேன். அங்கேயே இருக்கட்டும்.

எனக்கு பயம் இல்லைன்னு நினைக்காதே. பல் தேய்க்கறப்போ கூட திங்கட்கிழமை ஞாபகம் வந்து பாதியிலயே நிறுத்திடறேன். ஆனா இடுப்புல பச்சை பாட்டில் தொங்குது. தொட்டாலே கொஞ்சம் தைரியம் வருது. மேல் சுவிட்சோ கீழ் சுவிட்சோ, எது போட்டாலும் அணைக்கறதுக்கு என் கையில ஒண்ணு இருக்கு. நீ கொடுத்ததுதான். நல்லா இரு.

தம்பி

---

ஏப்ரல் 5, ஞாயிறு

டேய்,

இது கூரியர்ல வருது. உன் ஆபீஸ் வாசல்ல காலையில உன் கையில கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன். வாங்கினதும் படி. ஏறறதுக்கு முன்னாடி படி.

உன் கடுதாசி நேத்து வந்துச்சு. "எது போட்டாலும் அணைக்கறதுக்கு என் கையில ஒண்ணு இருக்கு." இந்த வரி எனக்குப் புரியவே இல்லை. அப்புறம் மாடிப்படி ஏறி வரும்போது விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு, கீழ் வீட்டுக்காரர் போட்டது. நான் மேலே வந்து பழக்கத்துல சுவிட்சைத் தட்டினேன். அணைஞ்சுது. அவர் கீழேயிருந்து "யாரு அணைச்சது"ன்னு கத்தறார். நான் அந்த இருட்டுல அப்படியே உட்கார்ந்துட்டேன்.

நீ அதைத்தானே நினைச்சுட்டிருக்கே? கீழே போட்டதை மேலே அணைச்சுக்கலாம்னு. மார்ச் மாசமே எழுதினே, நான் மட்டி மாதிரி உவமையை ரசிச்சேன்னு சந்தோஷப்பட்டேன். எனக்கு விளக்கு எரியறது மட்டும்தான் தெரியும். வயரிங் தெரியாது. உனக்கு வயரிங்தான் தெரியும். நான் அந்த உவமையைச் சொல்லியிருக்கவே கூடாது, வேற ஆள்கிட்ட சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. உன்கிட்ட போய்ச் சொன்னேனே.

உடம்புல அந்த வயரிங் இல்லைடா. ரெண்டு சுவிட்சும் தனித்தனிக் கம்பி. பச்சைத் தண்ணி பயத்துல வர்ற அரிப்பை அமுக்கும். விஷம் வந்தா அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாத்திரையே அந்த நேரத்துல பத்தாது, ஊசிதான் காப்பாத்தும்.

இன்னொண்ணு சொல்லணும். உன்னை பயமுறுத்தத்தான் சொல்றேன். ருசித் தண்ணி பழகின எலிகளுக்கும் பழகாததுக்கும் போன மாசம் டாக்டரம்மா அந்த ஒவ்வாத மருந்தையே நிறைய ஏத்தினாங்க. பழகாத எலிகள் சொறிஞ்சு, துள்ளி, கூண்டைப் பிறாண்டிச்சு. பார்த்ததும் ஆபத்துன்னு தெரிஞ்சுது. ருசித் தண்ணி குடிச்ச எலிகள்ல ரெண்டு மூணு, மூலையில போய் சும்மா உட்கார்ந்திருந்துச்சு. தேறிடுச்சுன்னு நான் எழுதி வச்சேன். திரும்பி வந்து தொட்டா செத்துப் போயிருந்துச்சு. சொறியாமலே செத்துச்சு. அரிப்புதான் அதுக்கு இருந்த ஒரே எச்சரிக்கை, அதை நாங்க எடுத்துட்டோம். எல்லா எலிக்கும் அப்படி இல்லை, ஏன்னு இன்னும் தெரியலைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கு ஏன்னு தெரிய வேண்டாம்.

கொட்டினா, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு தோணுச்சுன்னா, நிம்மதியா இருந்துச்சுன்னா, அதுதான் ஆபத்து.

உன் போன் அணைஞ்சே கிடக்கு. உன் வீட்டுக்காரிகிட்ட பேசினேன், அவளும் கிளம்பிட்டா, காலையிலதான் வந்து சேருவா. இன்னைக்குப் பஸ் போயிடுச்சு, நாளைக்குக் காலையில ஏறினா நான் வந்து சேரச் சாயங்காலம் ஆயிடும், அதுக்குள்ள நீ மேலே போயிருப்பே. உன் ஆபீஸ்ல இன்னைக்கு யாரும் எடுக்கலை.

நாளைக்கு திறந்ததும் உன் ஆபீசுக்குப் போன் பண்ணுவேன். நீ என்ன எழுதினேன்னு ஞாபகம் இருக்கு. யோசிச்சுத்தான் பண்றேன். எனக்குத் தம்பியா இல்லாட்டிப் போ. உயிரோட இரு.

அக்கா

---

ஏப்ரல் 21

அக்கா,

கை இன்னும் சரியா வரலை, எழுத்து கோணலா இருக்கும். மெதுவாப் படி.

ஆஸ்பத்திரியில நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தப்போ தொண்டையில குழாய். அப்புறம் நீ ஊருக்குப் போயிட்டே. என்ன நடந்ததுன்னு குண்டு சொன்னதைத்தான் நீ கேட்டிருப்பே. மேலே நடந்தது அவனுக்குத் தெரியாது.

அன்னைக்குக் காலையில சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும், "உங்க அக்கா போன்ல அழறாங்கப்பா, ஊசி இல்லாம கூண்டை ஏத்தக் கூடாதாம்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. பையில இருக்குன்னு பொய் சொன்னேன். அவருக்கும் ஆள் இல்லை, விட்டுட்டார். குண்டு மட்டும் சிரிக்கலை, நான் சொல்றது பொய்னு கண்டுபிடிச்சுட்டான். போற வழியில தண்ணி குடிக்கணும்னு என் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினான். நான் கோபத்துல இறங்கவே இல்லை. உள்ளே என் வீட்டுக்காரி அப்பத்தான் வந்து நின்னிருக்கா, பெட்டியைக் கூட கீழே வைக்கலையாம். ஊசியை எடுத்து அவன் கையில கொடுத்திருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது.

உன் கூரியரை வாங்கினேன், பிரிக்கலை. சட்டைப் பையில திணிச்சுக்கிட்டேன். நீ எனக்கு அக்கா இல்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்.

மேலே போனதும் மின்சாரம் நிறுத்தற வரைக்கும் சும்மா நிக்கணும். பொழுது போகாம பிரிச்சேன். வயரிங் பத்தி நீ எழுதின இடம் வந்தப்போ கழுத்துல சுருக்குன்னுச்சு. பயம்தான்னு நினைச்சேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்கா, திரும்பிக்கூடப் பார்க்கலை. கை தானாப் போய் பாட்டிலை எடுத்துச்சு. ஒரு மடக்கு குடிச்சேன். கழுத்துல கிளம்பின அரிப்பு நின்னுபோச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. காத்து, வெயில், கீழே ஊர். இத்தனை மாசத்துல அப்படி ஒரு நிம்மதி எனக்கு இல்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சொறியாமலே செத்துச்சுன்னு எழுதியிருந்தே.

அப்பத்தான் பார்த்தேன், கூண்டு விளிம்புல ஒரு குளவி நடந்து போயிட்டிருக்கு. எத்தனை பேர் கேட்டாலும் அந்த பயத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. உடம்பு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுது, நான் செத்துட்டிருக்கேன்னு காகிதம் சொல்லுது. குண்டைக் கூப்பிட்டேன். குரல் வரலை. நாக்கு வாய் நிறைய இருந்துச்சு. கையில இருந்ததை விட்டுட்டேன். உன் கடுதாசி ஒவ்வொரு தாளாப் பறந்து கீழே போச்சு. ஏதோ பறக்குதேன்னு குண்டு நிமிர்ந்து பார்த்திருக்கான், நான் அதை எட்டிப் பார்க்கலைங்கறதைக் கவனிச்சிருக்கான். இறக்கிட்டான். ஊசியைப் பேன்டோட சேர்த்துத் தொடையில குத்தினானாம். இப்பவும் அந்தப் பேச்சை எடுத்தா டீ டம்ளரைக் கீழே வச்சுட்டு எழுந்து போயிடறான்.

இனிமே நான் கீழே, நெம்புகோல்ல. குண்டுதான் மேலே போகப்போறான், பயந்துட்டே. ஊசி என் கழுத்துலயே தொங்குது. கண்ணுல படாம இருக்க என் வீட்டுக்காரி அதுக்கு ஒரு துணி உறை தைச்சுக் கொடுத்திருக்கா. பச்சைக் கர்மத்தைக் கொட்டிட்டேன். ஆனா பயம் வர்றப்போ நாக்கு இன்னும் அதைக் கேக்குது. அது ஒரு பக்கம் எனக்கு பயமா இருக்கு.

போன வாரம் உன் கடுதாசி வந்துச்சு. உறை மேல உன் கையெழுத்தைப் பார்த்ததுதான், மணிக்கட்டுலேர்ந்து தோள் வரைக்கும் தடிப்பு. மணிபர்ஸ்ல இருந்த பழசை எடுத்துப் பார்த்தேன், உனக்குப் புத்தி பிசகலைங்கற வரி, அதுக்கும் அப்படியே. உன் எழுத்தை என் உடம்பு குளவின்னு கத்துக்கிச்சு போல. எலியை நீ குத்தம் சொல்ல மாட்டே, என்னையும் சொல்லாதே. என் வீட்டுக்காரி அடுத்த அறையிலேர்ந்து படிச்சுக் காட்டினா, ஒண்ணும் ஆகலை.

அதனால இனிமே எழுதாதே. போனை டிராயர்லேர்ந்து எடுத்துட்டோம். அதிர்றதை நிறுத்திட்டு மணி மட்டும் அடிக்கற மாதிரி மாத்தியிருக்கா. பக்கத்துலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கூப்பிடு அக்கா, எடுக்கறேன்.

உன் தம்பி